எஃப்-1 (அமெரிக்க மாணவர்) விசாவில் சம்மர் இன்டர்ன்ஷிப்: சம்பளம் இல்லாமல் முன்கூட்டியே வேலையைத் தொடங்கலாமா?

சிறுவாணி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. போன ஆகஸ்டில் டெக்சாஸுக்கு எம்.எஸ். கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்க வந்தேன், இப்போது இரண்டாவது செமஸ்டர் ஓடுகிறது. கல்லூரி நூலகத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கிறேன். ஆஸ்டினில் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் சம்மர் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது, ஜூன் முதல் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை. ஆனால் அவர்கள் ஏப்ரலிலேயே வாரத்துக்குச் சில மணி நேரம் ஆன்லைனில் வந்து வேலையைப் பழகிக்கொள்ளச் சொல்கிறார்கள். அதற்குச் சம்பளம் கிடையாது, அதனால் விசா பிரச்சினையும் வராது என்கிறார்கள். சம்பளமே வாங்காவிட்டால் அது வேலை என்ற கணக்கில் வராதுதானே?

இன்னொன்று. என் ரூம்மேட் சனி, ஞாயிறு ஒரு கேஸ் ஸ்டேஷனில் (பெட்ரோல் பங்க்) வேலைக்கு நிற்கிறார், கையில் கேஷ் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கும் இடம் இருக்கிறதாம். ஊரில் கல்விக் கடன் வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது, அப்பா எதுவும் கேட்பதில்லை, ஆனால் எனக்குத் தெரியும். சீனியர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். விதி உண்மையில் என்ன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

தம்பி, நான் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பல வருடமாக இருக்கிறேன். வக்கீல் கிடையாது, ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் இந்த இரண்டு கேள்வியும் ஒவ்வொரு ஸ்பிரிங் செமஸ்டரிலும் என் மேசைக்கு வரும், பாதி நேரம் தாமதமாக வரும். நீங்கள் முன்னாலேயே கேட்டதில் எனக்கு நிம்மதி.

ஏப்ரலில் தொடங்கவே தொடங்காதீர்கள். சம்பளம் இல்லை என்பதால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. ஒரு லாப நோக்குள்ள கம்பெனிக்கு, சாதாரணமாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்யும் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்து கொடுத்தாலும் அது வேலைதான். தன்னார்வத் தொண்டு என்பது கோயிலிலோ உணவு வங்கியிலோ போய் உதவுவது. அவர்களுடைய கோடில் கை வைத்தால், அவர்களுடைய மீட்டிங்கில் உட்கார்ந்தால், அது தொண்டு இல்லை.

வளாகத்துக்கு வெளியே படிப்பின் பகுதியாக வேலை பார்க்க உங்களுக்கு இருக்கும் வழி சிபிடி என்ற பயிற்சி அனுமதி. அதை குடியேற்ற விண்ணப்பங்களைப் பார்க்கும் அரசு அலுவலகமான யுஎஸ்சிஐஎஸ் தருவதில்லை, உங்கள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அதிகாரி, அதாவது டிஎஸ்ஓவே தருவார், தனி கார்டு வராது, கல்லூரி தரும் ஐ-20 என்ற மாணவர் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் அச்சாகி வரும். கம்பெனி பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி, பகுதி நேரமா முழு நேரமா எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தேதிக்கு ஒரு நாள் முன்னால் போனாலும் அனுமதியில்லாத வேலை. அந்தக் கம்பெனிக்குப் பதில் வேறு கம்பெனிக்குப் போனாலும் அப்படியே. அதோடு, பொதுவாக ஒரு முழுக் கல்வி ஆண்டு முடித்தால்தான் சிபிடிக்குத் தகுதி. நீங்கள் ஃபால், ஸ்பிரிங் இரண்டும் முடித்த பிறகு ஜூனில் தகுதி வந்துவிடும். ஏப்ரலில் உங்கள் டிஎஸ்ஓ நினைத்தாலும் தர முடியாது.

கம்பெனியிடம் நேராகச் சொல்லுங்கள்: "ஜூனில் சிபிடி தேதி தொடங்கியதும் முதல் வாரம் பழகிக்கொள்கிறேன்." பெரும்பாலும் அவர்களுக்கு விதி தெரியாது, கெட்ட எண்ணம் இருக்காது. அப்புறம் ஆஃபர் லெட்டரில் வேலை செய்யும் இடத்தின் முகவரி, வாரம் எத்தனை மணி நேரம், என்ன வேலை, தேதிகள் எல்லாம் தெளிவாக எழுதி வாங்குங்கள். வேலை உங்கள் பாடத்திட்டத்தோடு சம்பந்தப்பட்டது என்று துறை ஆலோசகரின் ஒப்புதல் வேண்டும், பல கல்லூரிகளில் அதற்கென்று ஒரு கோர்ஸில் பதிவும் செய்ய வேண்டும். இதற்கெல்லாம் நாள் ஆகும். ஏப்ரலை இதற்குப் பயன்படுத்துங்கள்.

கேஸ் ஸ்டேஷன் பற்றித் தனியாக எழுதுகிறேன், அது பெரிய விஷயம்.

டல்லாஸ் ராத்திரி எழுதியது:

வைகைக்கரை அக்கா சொல்வது ஏட்டில் சரி. ஆனால் நடைமுறையையும் ஒருவர் சொல்ல வேண்டும். நான் வந்த காலத்தில் என் பேட்சில் பாதிப் பேர் இந்திய ரெஸ்டாரண்ட், மோட்டல், கேஸ் ஸ்டேஷன் என்று எங்காவது நின்றிருக்கிறார்கள். எல்லோரும் இன்று நல்ல வேலையில் இருக்கிறார்கள். வாடகை கொடுக்கப் பணமில்லாத பையனிடம் போய் விதி எண் சொல்வதில் என்ன பயன்? கடனைக் கட்டப்போவது இந்த ஃபோரம் இல்லை.

வைகைக்கரை எழுதியது:

டல்லாஸ் ராத்திரி, உங்கள் அக்கறை புரிகிறது. பணக் கஷ்டம் பொய் இல்லை. ஆனால் "எல்லோரும்" என்கிறீர்களே, மாட்டிக்கொண்டவர்கள் திரும்ப ஊருக்குப் போய்விட்டார்கள், அவர்கள் இங்கே வந்து எழுதுவதில்லை. அவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விதியில் ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. மாணவர் ஒருவருடைய விசா அந்தஸ்து வேறு காரணங்களால் போய்விட்டால், உதாரணமாக டிஎஸ்ஓவிடம் கேட்காமல் கோர்ஸைக் குறைத்துவிட்டால், சில நிபந்தனைகளோடு யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் விண்ணப்பித்து அந்தஸ்தைத் திரும்பப் பெற ஒரு வழி இருக்கிறது. அந்த நிபந்தனைகளில் ஒன்று, அனுமதியில்லாத வேலை எதுவும் செய்திருக்கக் கூடாது என்பது. அதாவது மற்றத் தவறுகளுக்கு இருக்கும் கதவு இதற்கு மட்டும் இல்லை. படிப்பு முடிந்ததும் ஊருக்குக் கிளம்பக் கிடைக்கும் 60 நாள் அவகாசமும் கிடையாது. பின்னாளில் கிரீன் கார்டுக்கு ஐ-485 நிரப்பும்போது, அமெரிக்காவில் அனுமதியில்லாமல் வேலை பார்த்தீர்களா என்று நேராகக் கேட்பார்கள். அங்கே "இல்லை" என்று பொய் எழுதினால் அது தனிக் குற்றம், முதலில் செய்ததை விடப் பெரியது.

இதை விட எனக்குக் கோபம் வருவது வேறு ஒன்றுக்கு. கேஷில் ஆள் வைக்கிற முதலாளிக்கு உங்கள் நிலை தெரியும். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுப்பான், ராத்திரி ஷிஃப்டில் தனியாக நிறுத்துவான், மாதக் கடைசியில் பாதிப் பணத்தை நிறுத்திவைப்பான். கூலிச் சட்டம் விசா நிலையைப் பார்ப்பதில்லை, செய்த வேலைக்குக் கூலி கேட்கும் உரிமை சட்டப்படி உண்டு. ஆனால் போய்ப் புகார் கொடுக்க எந்த மாணவருக்குத் துணிச்சல் வரும்? அதை நம்பித்தான் அவன் வைக்கிறான்.

உண்மையான நெருக்கடி என்றால் சட்டத்துக்குள்ளேயே ஒரு வழி உண்டு. ஒரு முழுக் கல்வி ஆண்டு முடித்தவருக்கு எதிர்பாராத கடும் பொருளாதார நெருக்கடி, அதாவது உதவி செய்து வந்தவரின் இறப்பு, நாணய மதிப்பு பலமாக விழுவது, பெரிய மருத்துவச் செலவு போன்றவை வந்தால், டிஎஸ்ஓ பரிந்துரையோடு ஐ-765 என்ற வேலை அனுமதிப் படிவத்தை அனுப்பி வளாகத்துக்கு வெளியே வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்க அனுமதி கேட்கலாம். அது கிடைக்க மாதங்கள் ஆகும், ஆவணம் நிறையக் கேட்பார்கள், எல்லோருக்கும் கிடைக்காது. ஆனாலும் கேட்பவர்களே குறைவு என்பது என் வருத்தம்.

சிறுவாணி தம்பி, லீவு காலத்தில் வளாகத்துக்குள் முழு நேரமே வேலை பார்க்கலாம். 20 மணி நேரக் கட்டுப்பாடு செமஸ்டர் நடக்கும்போது மட்டும்தான். மே மாதம் தேர்வு முடிந்ததும் ஜூன் வரை இருக்கும் வாரங்களில் நூலகத்திலேயே 40 மணி நேரம் கிடைக்குமா என்று இப்போதே கேட்டுப் பாருங்கள். செமஸ்டர் சமயத்தில் மட்டும் கணக்கில் கவனம், நூலகம் 15, டைனிங் ஹால் 10 என்று இரண்டு இடத்தில் பார்த்தால் மொத்தம் 25, அது மீறல்.

கோவை அப்பா எழுதியது:

வணக்கம். என் மகள் ஓஹையோவில் படிக்கிறாள், அவளுக்குத் தெரியாமல் படித்துக்கொண்டிருக்கிறேன், இன்று எழுத வேண்டும் என்று தோன்றியது. இங்கே ஒரு ஏஜென்சியில் எங்களிடம் சொன்னது, "முதல் செமஸ்டர் ஃபீஸ் மட்டும் கட்டுங்கள், மீதியைப் பார்ட் டைம் வேலையிலேயே பிள்ளை பார்த்துக்கொள்ளும்" என்று. அதை நம்பி எத்தனை குடும்பம் வீட்டை அடமானம் வைத்திருக்கிறதோ. அது நடக்கிற காரியமா? அப்புறம் உறவில் எனக்கு மருமகன் முறை ஆகும் ஒருவர் எஃப்-1ல் இருக்கிறார், மகளுக்குத் தங்கை முறை ஆகும் அவர் மனைவி எஃப்-2ல், அதாவது மாணவரின் துணைக்கான விசாவில், போயிருக்கிறாள், பி.டெக். படித்த பெண், அவளாவது ஏதாவது வேலைக்குப் போகலாமா?

ஃபால்22 எழுதியது:

ஐயா, நடக்காத காரியம். கணக்கு போட்டுப் பாருங்கள். மணிக்கு 12 டாலர் என்றால் 20 மணி நேரத்துக்கு வாரம் 240 டாலர், மாதம் ஆயிரத்தை ஒட்டி. அதில் வாடகைப் பங்கும் சாப்பாடும் ஓடும், அதுவும் சின்ன ஊராக இருந்தால். ட்யூஷன் ஃபீஸுக்கு அதிலிருந்து எதுவும் மிஞ்சாது. அந்த 20 மணி நேரமும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை, வளாக வேலைக்குப் பெரிய போட்டி. டிஏ, ஆர்ஏ என்ற கற்பித்தல், ஆய்வு உதவியாளர் வேலை கிடைத்து ஃபீஸ் தள்ளுபடி ஆனால்தான் கதையே மாறும், அதையும் எம்.எஸ். மாணவர்களுக்கு முதல் செமஸ்டரில் யாரும் உறுதி கொடுப்பதில்லை.

எஃப்-2 விசாவில் எந்த வேலையும் பார்க்க முடியாது ஐயா. எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான எச்-4ல் சிலருக்கு இருப்பது போன்ற வழி இதில் இல்லை. முழு நேரத்துக்குக் குறைவாகப் படிக்கலாம். முழுநேரப் பட்டப் படிப்பு வேண்டுமென்றால் அவரே எஃப்-1க்கு மாற வேண்டும்.

வளாக வேலையில் ஒரு நல்ல விஷயமும் சொல்லிவிடுகிறேன், பல பேர் கவனிப்பதில்லை. எஃப்-1 மாணவர்களுக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி பிடிக்கக் கூடாது, அது சம்பளத்தில் 7.65 சதவீதம். படிப்பு முடிந்து ஓபிடி என்ற வேலை அனுமதியில் வேலைக்குப் போனாலும் அந்த ஐந்து ஆண்டுக்குள் இருந்தால் இதே சலுகைதான். காலண்டர் ஆண்டு என்பதைக் கவனியுங்கள், 2024 ஆகஸ்டில் வந்தவருக்கு 2024 முதல் ஆண்டு, 2028 கடைசி ஆண்டு. சின்னக் கம்பெனிகள் தெரியாமல் பிடித்துவிடும். முதல் பே ஸ்டப்பையே பாருங்கள், பிடித்திருந்தால் ஹெச்ஆரிடம் சொல்லித் திரும்ப வாங்கலாம், அவர்கள் கொடுக்காவிட்டால் வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்குப் படிவம் 843 அனுப்பிக் கேட்கலாம். வருமான வரிக்கு 1040-என்ஆர் போடும்போது, இந்திய மாணவர்களுக்கு மட்டும் வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவுப்படி ஸ்டாண்டர்டு டிடக்ஷன் கிடைக்கும், அதையும் விடாதீர்கள்.

நீலமலை எழுதியது:

இழை நன்றாகப் போகிறது, என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். டிசம்பர் 12ல் எம்.எஸ். முடிகிறது, கையில் இன்னும் வேலை இல்லை. ஓபிடிக்கு எப்போது போடுவது? வேலை கிடைத்த பிறகு போடு என்கிறார் ஒரு சீனியர், இப்போதே போடு என்கிறார் இன்னொருவர். 90 நாள் வேலையில்லாமல் இருந்தால் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பது உண்மையா?

வைகைக்கரை எழுதியது:

வேலைக்காகக் காத்திருக்காதீர்கள், விண்ணப்பிக்கும் நாள் வந்ததும் போடுங்கள். ஓபிடிக்கு விண்ணப்பிக்க வேலை கையில் இருக்கத் தேவையில்லை.

டிசம்பர் 12 படிப்பு முடிகிறது என்றால், 90 நாள் முன்னால், அதாவது செப்டம்பர் 13லிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் படிப்பு முடிந்து 60 நாள், பிப்ரவரி 10. அன்றைக்குள் யுஎஸ்சிஐஎஸ் கையில் விண்ணப்பம் இருக்க வேண்டும், தபாலில் போட்ட தேதி கணக்கில் வராது. டிஎஸ்ஓ, செவிஸ் என்ற அரசின் மாணவர் பதிவேட்டில் பரிந்துரை ஏற்றிப் புது ஐ-20 தந்த 30 நாளுக்குள் ஐ-765 போய்ச் சேர வேண்டும் என்று இன்னொரு கெடுவும் உண்டு. இந்த 30 நாளைத் தவறவிட்டு நிராகரிக்கப்பட்டவர்கள் நிறைய. ஐ-20 வாங்கிய அன்றே ஆன்லைனில் போட்டுவிட்டால் கவலை இல்லை. கட்டணம் 2024 ஏப்ரலிலிருந்து ஆன்லைனில் 470 டாலர், பேப்பரில் 520. விண்ணப்பிக்கும்போது நீங்கள் அமெரிக்காவில் இருக்க வேண்டும், ஊரில் இருந்து போட்டால் செல்லாது.

தொடங்கும் தேதியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், டிசம்பர் 13லிருந்து பிப்ரவரி 10க்குள் ஏதாவது ஒரு நாள். யோசிக்க வேண்டியது இங்கேதான். ஓபிடி தொடங்கிய நாளிலிருந்து வேலையில்லாத நாட்கள் ஓட ஆரம்பிக்கும், சனி ஞாயிறும் சேரும், ஊருக்குப் போயிருந்தாலும் சேரும். மொத்தம் 90. வேலை கையில் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது, தொடக்கத் தேதியைக் கடைசிப் பக்கம் தள்ளி வையுங்கள், ஆனால் விண்ணப்பத்தைத் தள்ளாதீர்கள். படிப்புக்குப் பிந்தைய ஓபிடி, படிப்பு முடிந்த 14 மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும், விண்ணப்பமே தாமதமானால் 12 மாதத்தில் ஒரு துண்டு வீணாகப் போகும்.

வாரம் குறைந்தது 20 மணி நேரம், உங்கள் படிப்போடு சம்பந்தப்பட்ட வேலை என்றால் கடிகாரம் நிற்கும். முதல் 12 மாத ஓபிடியில் அது சம்பளம் இல்லாத வேலையாகக்கூட இருக்கலாம், தொழிலாளர் சட்டத்தை மீறாமல் இருந்தால். பேராசிரியரின் ஆய்வகத்தில் அப்படி வேலை பார்த்துக்கொண்டே தேடுவது முறையான வழிதான், நான் பல மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சிறுவாணி இதைப் படித்துவிட்டுக் குழம்ப வேண்டாம், ஓபிடியில் உங்கள் கையில் இஏடி கார்டு என்ற அனுமதி ஏற்கெனவே இருக்கிறது, அதனால் சம்பளமில்லா வேலையும் அனுமதிக்குள் வருகிறது. உங்களுக்கு ஏப்ரலில் எந்த அனுமதியும் இல்லை.

வேலை கிடைத்ததும் 10 நாளுக்குள் செவிஸ் போர்ட்டலில் பதியுங்கள். வேலையில் இருந்துகொண்டே பதிய மறந்தால், பதிவில் 90 நாள் வேலையில்லாதவராகத் தெரிவீர்கள், செவிஸ் ரெக்கார்டே முடிந்துபோகலாம்.

நீலமலை எழுதியது:

நன்றி அக்கா, தெளிவாகிவிட்டது. செப்டம்பர் 13க்கு அலாரம் வைத்துவிட்டேன்.

பாலாறு எழுதியது:

டே 1 சிபிடி பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு ஸ்டெம் ஓபிடி, அதாவது அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான ஓபிடி நீட்டிப்பு, முடியப்போகிறது, எச்-1பி லாட்டரியில் பெயர் வரவே இல்லை. கம்பெனி என்னை வைத்துக்கொள்ள விரும்புகிறது. இரண்டாவது முதுகலையில் சேர்ந்து முதல் நாளே சிபிடி வாங்கி அதே வேலையில் தொடரலாம் என்கிறார்கள். சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது, முதுகலைப் படிப்பில் உடனடிப் பயிற்சி கட்டாயம் என்றால் ஒரு வருடக் காத்திருப்பு தேவையில்லை என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ஏன் எல்லோரும் இதைத் திருட்டு வேலை போலப் பேசுகிறார்கள்?

மிச்சிகன் ஏரி எழுதியது:

விதியில் இடம் இருக்கிறது என்பது உண்மை. சமூகப் பணி, ஆலோசனை உளவியல் போன்ற படிப்புகளில் முதல் செமஸ்டரிலேயே களப்பயிற்சி கட்டாயம். அந்த மாதிரிப் படிப்புகளுக்காக வைத்த விலக்கு அது. ஆனால் வாரம் 40 மணி நேரம் டல்லாஸில் வேலை, மூன்று மாதத்துக்கு ஒரு வார இறுதி மட்டும் வேறு மாநிலத்தில் வகுப்பு என்று இருந்தால், படிப்புக்காக வேலையா, வேலைக்காகப் படிப்பா என்று அதிகாரி கேட்பார். பின்னால் எச்-1பிக்கு அந்தஸ்து மாற்றம் கேட்கும்போது வருகைப் பதிவு, அசைன்மென்ட், பயணச் சீட்டு எல்லாவற்றையும் கேட்டு ஆர்எஃப்இ என்ற கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம் வரும். அதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள், தாண்டாமல் போனவர்களும் இருக்கிறார்கள்.

நான் மிச்சிகனில் இருப்பதால் 2019 ஜனவரியை மறக்க முடியாது. ஃபார்மிங்டன் ஹில்ஸில் யூனிவர்சிட்டி ஆஃப் ஃபார்மிங்டன் என்று ஒன்று இருந்தது. வெப்சைட் இருந்தது, அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் அரசுப் பட்டியலில் பெயர் இருந்தது, வகுப்பு மட்டும் கிடையாது. அதை நடத்தியது குடிவரவுத் துறையின் ரகசிய ஏஜென்ட்கள். ஆள் சேர்த்துக் கொடுத்த எட்டு பேர் மேல் வழக்கு, முதல் சில நாட்களிலேயே 129 இந்திய மாணவர்கள் தடுப்புக் காவலில். அதற்கு முன் 2011ல் கலிஃபோர்னியாவில் ட்ரைவேலி யூனிவர்சிட்டி மூடப்பட்டபோது நம் பிள்ளைகள் காலில் மின்னணுப் பட்டை மாட்டி அனுப்பினார்கள். ஃபார்மிங்டன் மாணவர்கள் தெரிந்தே சேர்ந்தார்கள் என்று அரசு சொன்னது. எல்லோருக்கும் தெரிந்திருக்காது என்பது என் எண்ணம், அரசே பட்டியலில் வைத்த பள்ளியை ஒரு பிள்ளை எப்படிச் சந்தேகப்படும்? ஆனால் தண்டனை வந்தபோது அந்த வாதம் அவர்களைக் காப்பாற்றவில்லை.

நண்பரே, சேருவதென்றால் உண்மையாகவே வகுப்பு நடக்கிறதா, உங்கள் முதல் முதுகலையை விட உங்களுக்குப் புதிதாக ஏதாவது கற்றுத் தருகிறதா என்று பாருங்கள், பணம் வாங்காத சம்பந்தமில்லாத வக்கீல் ஒருவரிடம் கேளுங்கள். பள்ளி பரிந்துரைக்கும் வக்கீலிடம் கேட்காதீர்கள்.

வைகைக்கரை எழுதியது:

மிச்சிகன் ஏரி சொன்னதில் ஒரு திருத்தம், வக்கீலுக்குப் பணம் கொடுத்தே கேளுங்கள், பள்ளியிடம் கமிஷன் வாங்காதவராக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். இன்னொரு விதி, ஒரு பட்ட நிலையில் முழு நேர சிபிடி 12 மாதம் அல்லது அதற்கு மேல் எடுத்துவிட்டால் அதே நிலையில் ஓபிடி கிடையாது. முதல் முதுகலை படிக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். வாரம் 20 மணி நேரமும் அதற்குக் குறைவும் இந்தக் கணக்கில் சேராது.

ஃபால்22 எழுதியது:

ஐடி கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கன்சல்டன்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓபிடி நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைத்தான் அவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள். என் நண்பனை ஒரு கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் தங்கவைத்து, எட்டு வருட அனுபவம் என்று ரெஸ்யூமே எழுதி, வேறு ஆள் பேச இவன் வாயசைக்கும் இன்டர்வ்யூ வரைக்கும் கொண்டுபோனார்கள். ப்ராஜெக்ட் கிடைக்கும் வரை சம்பளம் இல்லை, ஆனால் செவிஸில் மட்டும் வேலையில் இருப்பதாகப் பதிவு. கிளம்புகிறேன் என்றதும் பாண்டு காட்டி மிரட்டினார்கள். அவன் துணிந்து வெளியே வந்து, ஒரு சின்ன உற்பத்திக் கம்பெனியில் குறைந்த சம்பளத்தில் சேர்ந்தான், இன்று நிம்மதியாக இருக்கிறான்.

ஸ்டெம் ஓபிடியில் இது இன்னும் ஆபத்து. அந்த 24 மாத நீட்டிப்பு 2016 மே மாதம் வந்த விதி, அதற்கு முன் 17 மாதம்தான். நீட்டித்ததோடு நிபந்தனையும் கூட்டினார்கள். கம்பெனி ஈ-வெரிஃபை என்ற அரசின் வேலைத் தகுதி சரிபார்ப்பு முறையில் இருக்க வேண்டும், யார் மேற்பார்வையில் என்ன கற்றுக்கொள்கிறீர்கள் என்று ஐ-983 படிவத்தில் நீங்களும் முதலாளியும் கையெழுத்துப் போட வேண்டும், சம்பளம் அங்கே இதே வேலை பார்க்கும் அமெரிக்கர்களுக்கு நிகராக இருக்க வேண்டும், சம்பளமில்லா வேலை இதில் செல்லாது. அதிகாரிகள் வேலை இடத்துக்கே வந்து பார்க்கலாம். பொய் ஐ-983ல் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். கன்சல்டன்சி பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த தெருவில் கடை திறப்பான்.

நல்ல பக்கம், ஓபிடி முடிவதற்கு முன்பே ஸ்டெம் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், பதில் வரும் வரை 180 நாள் வேலையைத் தொடரலாம். வேலையில்லா நாட்களும் மொத்தம் 150 ஆகும், முதலில் செலவழித்ததையும் சேர்த்து.

டல்லாஸ் ராத்திரி எழுதியது:

நான் முன்பு எழுதியதற்கு இவ்வளவு பதில் வந்ததில் மகிழ்ச்சி. ஐ-485 விஷயத்தை நான் அந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். விதியை ஒழுங்காகப் பின்பற்றியவர்களுக்கு மட்டும் என்ன பாதுகாப்பு? 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் ரெக்கார்டை ஒரே அடியாக முடித்தார்கள், பலர் செய்தது வெறும் ட்ராஃபிக் டிக்கெட்.

வைகைக்கரை எழுதியது:

நியாயமான கேள்வி. அந்த வாரங்களில் என் அலுவலகத்தில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. காலையில் செவிஸைத் திறந்தால் யார் பெயர் போயிருக்கிறதோ என்ற பயம். ஆனால் என்ன நடந்தது என்று பாருங்கள். மாணவர்கள் நாடு முழுக்க நீதிமன்றம் போனார்கள், நீதிபதிகள் அடுத்தடுத்துத் தடை கொடுத்தார்கள், ஏப்ரல் 25 அன்று அரசே ரெக்கார்டுகளைத் திரும்ப ஏற்றுவதாகச் சொன்னது. நீதிமன்றத்தில் அந்த மாணவர்கள் நிற்க முடிந்ததற்குக் காரணம், அவர்கள் பக்கம் ஒழுங்காக இருந்தது, வருகை, கோர்ஸ், வேலை அனுமதி எல்லாவற்றுக்கும் காகிதம் இருந்தது. கேஷ் வேலை பார்த்த மாணவர் அந்த மனுவில் கையெழுத்துப் போட யோசித்திருப்பார்.

ஓபிடியையே ஒழிக்க வேண்டும் என்று ஒரு தொழிலாளர் சங்கம் வருடக்கணக்கில் வழக்கு நடத்தியது. 2022 அக்டோபரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓபிடி செல்லும் என்றது, 2023ல் உச்ச நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் இன்று அது உறுதியாக இருக்கிறது, ஆனால் விதியால் வந்ததை விதியால் மாற்ற முடியும். 2025 ஆகஸ்டில், மாணவர்களைப் படிப்பு முடியும் வரை என்று இல்லாமல் அதிகபட்சம் நான்கு ஆண்டு என்று தேதி போட்டு அனுமதிக்கும் முன்மொழிவும் வந்தது, அதில் 60 நாள் அவகாசத்தை 30 ஆக்கும் யோசனையும் இருந்தது. எச்-1பி மனு போட்டவர்களுக்கு ஒரு நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. 2025 ஜனவரி 17 முதல் கேப்-கேப் நீட்டிப்பு, அதாவது ஓபிடி முடிந்து எச்-1பி தொடங்கும் வரை மாணவர் நிலையைத் தொடர விடும் சலுகை, அக்டோபர் 1க்குப் பதில் ஏப்ரல் 1 வரை போகிறது. ஆகவே பழைய சீனியர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு செமஸ்டரும் டிஎஸ்ஓவிடம் புதிதாகக் கேளுங்கள், மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலை எடுத்து வையுங்கள்.

தாமிரபரணி எழுதியது:

சென்னையில் நான் முன்பு வேலை பார்த்த கம்பெனி, இங்கிருந்தே ராத்திரி சில மணி நேரம் வேலை செய், சம்பளத்தை இந்திய அக்கவுண்டிலேயே போடுகிறோம் என்கிறது. பணம் அமெரிக்காவுக்கே வராது. இதில் பிரச்சினை உண்டா? யூடியூப் சேனலும் இருக்கிறது, விளம்பர வருமானம் கொஞ்சம் வருகிறது.

வைகைக்கரை எழுதியது:

பணம் எங்கே விழுகிறது என்பதை விட, வேலை செய்யும்போது நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது முக்கியம். அமெரிக்காவில் இருந்துகொண்டு செய்தால் அனுமதியில்லாத வேலை என்று எடுத்துக்கொள்ள முழு வாய்ப்பு இருக்கிறது, நான் யாருக்கும் செய்யச் சொல்ல மாட்டேன். சேனலும் அப்படித்தான், இங்கே வீடியோ எடுத்து, எடிட் செய்து, விளம்பரம் போட்டுச் சம்பாதிப்பது சுயதொழில். இங்கே இருக்கும் வரை மானிட்டைசேஷனை நிறுத்திவிட்டு வீடியோ போடுங்கள். உணவு டெலிவரி, ஊபர் ஓட்டுவதும் இதே வகை, ஆப்பில் ரூம்மேட் பெயரில் அக்கவுண்ட் இருந்தாலும். ஊரில் வீட்டு வாடகை, வங்கி வட்டி, பங்குகளில் வரும் டிவிடெண்டு இவற்றுக்குத் தடை இல்லை, ஆனால் வரி விதி தனி.

சிறுவாணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று கம்பெனியிடம் பேசினேன். அவர்களுடைய ஹெச்ஆர் ஆலோசகரே சிபிடி தேதிக்கு முன் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், ஆஃபர் லெட்டரை முகவரி, மணி நேரம் எல்லாம் போட்டுத் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். துறை ஆலோசகரிடம் செவ்வாய்க்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். கேஸ் ஸ்டேஷன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், ரூம்மேட்டிடமும் இந்த இழையைக் காட்டினேன், அவரும் யோசிக்கிறார். மே மாத வாரங்களுக்கு நூலகத்தில் கேட்டதற்கு, பட்டமளிப்புக்குப் பிறகு ஆள் வேண்டும் என்று பெயர் எழுதிக்கொண்டார்கள்.

ஒரு கடைசிச் சந்தேகம். இன்டர்ன்ஷிப் ஆகஸ்ட் 14ல் முடிகிறது. அவர்கள் ஃபால் செமஸ்டரிலும் பகுதி நேரம் தொடரச் சொன்னால், அதே ஐ-20 போதுமா?

வைகைக்கரை எழுதியது:

போதாது. ஆகஸ்ட் 14 என்று அச்சாகியிருந்தால் 15ஆம் தேதி லாக்இன் செய்யக் கூடாது. ஃபாலுக்குப் புது ஆஃபர் லெட்டர், துறை அனுமதி, புது சிபிடியோடு புது ஐ-20, முழு நேர கோர்ஸ் பதிவு எல்லாம் வேண்டும். ஜூலை நடுவிலேயே டிஎஸ்ஓவுக்கு எழுதிவிடுங்கள், ஆகஸ்டில் புது மாணவர்கள் வரும் கூட்டத்தில் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அப்படியே ஆஸ்டினில் தங்கப்போகும் முகவரியை மாறிய 10 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.